கதவை அடைத்தவரே பொறுப்பாளர்

அண்மையில் மதரஸாவில் ஹதீஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பூனையொன்றை அடைத்து வைத்து, தானும் உணவளிக்காமல், பூமியின் சிற்றுயிர்களை அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. அதைக் கேட்ட மாணவி ஒருத்தி தயங்கியவாறு எழுந்தாள்.

"ஹஸ்ரத், நாங்கள் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் பூனையும் வெளியே போவதில்லை. நாங்களும் பாவிகளா?"

"அவள் இரண்டு வழிகளையும் அடைத்தாள், மகளே! வாகனங்களுக்கும் தெருநாய்களுக்கும் அஞ்சி நீங்கள் ஒரு வழியை அடைத்திருக்கிறீர்கள். அதனால் மற்றொரு வழி முழுவதும் உங்கள் பொறுப்பாகிவிட்டது" என்றேன்.

பூனை வளர்ப்பது ஆகுமானதே. அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளூச் செய்யும் நீரைப் பாத்திரம் சாய்த்துப் பூனைக்குப் புகட்டினார்கள். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று என்றும், நம்மைச் சுற்றி வரும் உயிர்களுள் ஒன்று என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை எடுத்துரைத்தார்கள்.

ஆயினும் அதன் மலமும் சிறுநீரும் நஜீஸ். எனவே தொழுமிடத்திற்கு அப்பால், குளியலறை மூலையில் மணல் தட்டு வைத்திடுக. மலத்தை நாள்தோறும் அகற்றுக. சில பூனைகளின் மலத்தில் வெளிப்படும் டாக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமி, ஒரு நாளேனும் கழிந்த பின்னரே தொற்றும் தன்மை பெறுகிறது. கருவுற்ற பெண்கள் இப்பணியைப் பிறரிடம் விடுவதே நன்று.

பூனை இயல்பிலேயே ஊனுண்ணி. பாலும் தயிர்ச்சோறும் அதற்குப் போதா. இறைச்சியிலுள்ள டாரின் என்னும் சத்துக் குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வெங்காயம், பூண்டு சேர்த்த மிச்சக் குழம்பு நஞ்சாகும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் அதன் உயிரையே பறிக்கும். சன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடித்திடுக. மூன்று மாதக் குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் கூறும் காலத்தில் தொடர்க.

பெருநாளுக்கு ஊர் செல்லும்போதுதான் உண்மையான சோதனை. ஒரு கிண்ணம் உணவை வைத்துவிட்டு ஒரு வாரம் வீட்டைப் பூட்டிச் சென்றால், அந்தப் பெண்ணுக்கும் நமக்கும் என்ன வேற்றுமை? சாவியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்லுங்கள். அதற்கு இயலாதவர் பூனை வளர்க்காதிருப்பதே மேல்.

வாயில்லா உயிர்களிடத்தும் கருணை காட்டும் நல்லுள்ளத்தை அல்லாஹ் நமக்கு வழங்குவானாக! ஆமீன்.