போர்டு கம்பெனியின் சிறு பிக்கப் வண்டிகளும் கோழித் தீர்வையும்

அமெரிக்கக் குடியானவர்கள் வைக்கோல், தீனி மூட்டை, வேலிக்கம்பி முதலியவற்றை ஏற்றிச் செல்லும், பின்புறம் திறந்த மோட்டார் வண்டிக்குப் பிக்கப் என்று பெயர். போர்டு கம்பெனியார் 1925-ம் வருஷத்தில் தங்கள் டி மாடல் காரில் பெட்டி பொருத்தி இதனை விற்கலாயினர். பின்வந்த வண்டிகள் வரவரப் பெருத்தன. சிறு வண்டி மீண்டும் வந்த வரலாற்றில் கோழிக்கும் பங்குண்டு.

அமெரிக்கக் கோழியிறைச்சி மலிவாய் மேற்கு ஜெர்மனியில் வந்து குவிந்தது. ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகள் 1962-ல் அதன்மீது கடுந்தீர்வை விதித்தன. பதிலுக்கு அமெரிக்க சர்க்கார் 1964 முதல் பிராந்தி, உருளைக்கிழங்கு மா முதலியவற்றோடு லாரிகளுக்கும் தீர்வையை உயர்த்தினர். லாரிக்கு 100-க்கு 25 வீதம். மற்றவற்றின் தீர்வை பிற்காலத்தில் நீங்கியும் இது அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. கோழி வளர்த்தவன் வழக்குக்கு வண்டி வாங்கியவன் அபராதம் செலுத்தினான். பல பண்ணைகளில் இருவரும் ஒருவரே!

போர்டு கம்பெனியார் 1972-ம் வருஷ மாடலாக விற்ற கூரியர் என்னும் சிறு பிக்கப், ஜப்பானில் மாஸ்தா வண்டிகளைச் செய்த கம்பெனியாரால் செய்யப்பட்டது. பின்பெட்டியின்றி இறக்கினால் தீர்வை 100-க்கு 4 மட்டுமே. அதாவது, 1,000 டாலர் வண்டிக்கு 250-க்குப் பதில் 40 டாலர். பெட்டி அமெரிக்காவில் பொருத்தப்பட்டது. 1980-ல் சர்க்கார் இவ்வழியை அடைத்தனர்.

ஆகவே 1982-ல் கெண்டக்கி மாகாணத்து லூயிவில் தொழிற்சாலையில் ரேஞ்சர் என்ற சொந்த வண்டி பிறந்தது. அதன் உற்பத்தி அமெரிக்காவில் 2011 டிசம்பரில் நின்றது. 2019-ம் வருஷ மாடலாகத் திரும்பியபோது உருவம் பெருத்திருந்தது. 2021-ல் அதனினும் சிறிய மாவெரிக் வெளிவந்தது. அது மெக்ஸிகோவில் செய்யப்பட்டது; அப்போதிருந்த வியாபார உடன்படிக்கையின்படி அங்கிருந்து வரும் வண்டிக்குக் கோழித் தீர்வை இல்லை.