உறுமியும் மூன்று நிமிடங்களும்

ஓர் இசைக்குழு முதன்முதலாக வெளியிடும் தனிப்பாடலை எல்லோரும் 'சிங்கிள்' என்றே சொல்கிறோம். ஆல்பமோ சினிமாவோ பின்னால் நிற்காத ஒரே ஒரு பாட்டு. அது ஏன் பெரும்பாலும் மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது? கவிஞரோ இசையமைப்பாளரோ வைத்த அளவல்ல அது. ஓர் இசைத்தட்டின் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில் எவ்வளவு இடம் இருந்ததோ, அவ்வளவுதான் பாட்டு.

பழைய கிராமபோன் தட்டுகளில் முக்கியச் சரக்கு அரக்கு. சோட்டாநாக்பூர்க் காடுகளில் மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பத்து அங்குலத் தட்டில், பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் பதியலாம். 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே ஆர்சிஏ விக்டர் போட்டிக்கு இறக்கியதுதான் ஏழு அங்குலத் தட்டு. நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு. சிங்கிள் உலகமெங்கும் பரவியது இந்தத் தட்டின் மேல்தான்.

தட்டில் ஒலி இருப்பது எப்படி? விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு போகும் ஒரே கோடு, உழவுசால் போல. அது நேராக ஓடாமல் இடமும் வலமுமாக நெளியும். அந்த நெளிவுதான் பாட்டு. குரலும் புல்லாங்குழலும் நுணுக்கமாக நெளியும். ஆழமான மேளச் சத்தம் அகலமாக வளையும். வளைவு பெரிதானால் பக்கத்துக் கோட்டில் மோதாமல் இருக்க இடைவெளி விட வேண்டும். இடைவெளி விட்டால் தட்டில் நேரம் குறையும். அதனால் வெட்டும்போது அடித்தள ஒலியைக் குறைத்துப் பதிந்து, கேட்கும் கருவியில் அதே அளவு கூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டை 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் பொது விதியாக்கியது. அப்படியும் கனத்த தாளம் இடத்தைத் தின்றுகொண்டுதான் இருந்தது.

நம் ஊர் உறுமி மேளத்தை நினைத்தால் எனக்கு இதுதான் தோன்றும். சிங்கிள் தட்டு எந்த ஒலிக்கு இடம் கொடுக்கத் தயங்கியதோ, அந்த ஒலிதான் நமக்கு உயிர்.

மலேசியாவின் ஹுத்தான் மெலிந்தாங், பெர்ணம் ஆற்றங்கரை ஊர். பக்கத்து ஜெண்டராட்டா தோட்டத்தை 1906இல் தொடங்கியவர் டென்மார்க்காரரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ். ரப்பருக்காகத் திறந்த தோட்டம்; பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து பல காலமாயிற்று. மரம் மாறியது, மேளம் மாறவில்லை. காவடி எடுத்தாலும் தீமிதித்தாலும் உறுமி வேண்டும். உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றை மெல்லிய நீளக்குச்சியால் அடிப்பார்கள். மற்றதை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது எழும் அந்த முனகல் வழுக்கிக்கொண்டே ஏறி இறங்கும். மலேசியத் தமிழ் இளைஞர்கள் இன்று ஒரு பாப் பாட்டு செய்தால், கிதாரோடு அந்த முனகலும் வந்து உட்கார்வது இயல்பு.

தட்டு போனது; இடத்தட்டுப்பாடும் போனது. ஆனால் கைப்பேசி வேறொரு தடை போடுகிறது. அதன் ஒலிபெருக்கி நகத்தளவே. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதால் காற்றைத் தள்ள முடியாது. அப்படியானால் உறுமி காணாமல் போகுமா? போகாது, மூளை கைகொடுக்கும். 100 ஹெர்ட்ஸில் முனகும்படி தோலைத் தேய்க்கும்போது 200, 300, 400 என்ற மேலதிர்வுகளும் சேர்ந்தே எழுகின்றன. அடியில் இருக்கும் 100 வராவிட்டாலும், மேலே உள்ளவற்றின் இடைவெளியைக் கணக்கிட்டு மூளையே அந்த ஆழத்தை ஊகித்துக் கேட்கிறது. ஒலிக்கலவை செய்பவர்கள் மேள ஒலியில் கொஞ்சம் கரகரப்பை வேண்டுமென்றே ஏற்றுவது இந்த மேலதிர்வுகளை வளர்க்கத்தான்.

பதிவு செய்யும் இடம் இன்னும் முக்கியம். வீட்டறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தால் குரலின் எதிரொலி அடங்கும். மேளத்தின் அடி ஒலி அடங்காது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். மெத்தையின் கனம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. மூலையில் மேளத்தை வைத்தால் அந்த ஒலி ஊதிப் பெருகும். இரண்டு மைக் வைத்து, ஒன்று மற்றதைவிட ஒன்றேமுக்கால் மீட்டர் தள்ளி இருந்தால், அந்த அலை ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கி, சேர்த்துக் கேட்கையில் மெலிந்துபோகும். என்னைக் கேட்டால், குரலை வீட்டுக்குள்ளும் உறுமியைத் திறந்தவெளியிலும் பதிவதே மேல். விடிகாலையில் ஒரு வெற்றுத் திடல் போதும். அங்கே சுவர் இல்லை, மூலை இல்லை. மேளம் தன் சொந்தக் குரலில் கேட்கும்.

பதிந்ததை உரக்க ஆக்கும் ஆசையையும் அடக்க வேண்டும். கம்ப்ரஸர் என்னும் கருவி உரத்ததைத் தணித்து மெல்லியதை உயர்த்துகிறது. அளவாகப் போட்டால் தெளிவு. மிஞ்சினால் அடியின் அதிர்ச்சி செத்துவிடும். பயனும் இல்லை, ஏனென்றால் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே உரப்புக்குக் கொண்டுவந்தே ஒலிக்க விடுகின்றன. நசுக்கிய பாட்டை அவை தாழ்த்திவிடும், நசுங்கியது நசுங்கியதுதான்.

ஸ்பாட்டிஃபையில் 30 விநாடியாவது கேட்டால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு. 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 1,000 கேட்புகூடச் சேராத பாட்டுக்குப் பணமும் இல்லை. இதற்குப் பயந்து உறுமியின் முன்னிசையை வெட்டுவது எனக்குச் சம்மதமில்லை. மலேசியக் குழுவான யோகி பி அண்ட் நட்சத்திராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த 'மடை திறந்து' மெட்டை ஹிப் ஹாப்பாக்கி 'வல்லவன்' ஆல்பத்தில் 2006இல் தந்தார்கள். மலேசியத் தமிழர் குரலை அது தமிழ்நாட்டு இளைஞர் வரை கொண்டு சேர்த்தது. இங்கே பேசும் தமிழும் இங்கே ஒலிக்கும் தாளமும் அந்தத் தொலைவைக் கடக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வெளியிடும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற பன்னிரண்டு எழுத்து எண் அடையாளம் உண்டு. விநியோக நிறுவனமே அதை வாங்கித் தரும். அது பதிவுக்கான அடையாளம் மட்டுமே. வரியையும் மெட்டையும் யார் எழுதினார்கள், யாருக்கு எத்தனை பங்கு என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, மலேசியாவில் எம்ஏசிபி என்னும் இசைப் படைப்பாளர் பதிப்புரிமை அமைப்பில் படைப்பைப் பதிந்துகொள்ள வேண்டும். மெட்டுக்கு உறுமிக்காரர் பங்களித்திருந்தால் அவர் பெயரும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.