பல் வைத்த கத்தியையும் தீட்டலாம்

பழனி மலையடிவாரத்தில், பாலாறு-பொருந்தலாறு அணைத் தண்ணீர் பாயும் வயல்களில் நெல்லறுக்கக் கருக்கரிவாள் உண்டு. மேலே, இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டிய உயரத்தில், கொடைக்கானல் வீடுகளில் ரொட்டி நறுக்கப் பல் வைத்த கத்தி இருக்கிறது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கோடைக்காக வீடு கட்டிக் குடியேறிய ஊர் அது. ரொட்டி அங்கே காய்ச்சலுக்குத் தின்னும் பண்டமாக மட்டும் நின்றுவிடவில்லை. இரண்டு கருவிகளிலும் வேலை செய்யும் சூட்சுமம் ஒன்றுதான். ஆனால் கருக்கு மழுங்கினால் அரிவாள் கொல்லுப்பட்டறைக்குப் போகிறது, பற்களை வெட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. கத்தி மழுங்கினால் குப்பைக்குப் போகிறது. பல்லுள்ள கத்தியைத் தீட்டவே முடியாது என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவுமில்லை.

நெல்தாளில் மணல்சத்து உண்டு, வழவழப்பும் உண்டு. நேர்விளிம்பு அதன்மேல் வழுக்கும். பல்லின் நுனியோ கை கொடுக்கும் அழுத்தம் முழுவதையும் ஒரு புள்ளியில் இறக்கித் தோலைக் கிழித்துவிடும். பிறகு அறுப்பது நுனிக்கும் நுனிக்கும் நடுவிலுள்ள குழியின் விளிம்பு. ரொட்டியின் முறுகிய மேலோட்டிலும் தக்காளித் தோலிலும் இதுவே நடக்கிறது. பலகையிலும் தட்டிலும் மோதித் தேய்வது நுனி மட்டுமே. குழி அவ்வளவு எளிதில் மழுங்காது. இந்தக் கத்திகள் ஆண்டுக்கணக்கில் தீட்டாமலே உழைப்பது அதனால்தான். அப்படி உழைப்பதைப் பார்த்தே, தீட்டத் தேவையில்லாதது என்பது மெல்லத் தீட்ட முடியாதது என்று ஆகிவிட்டது போலும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் பல்லே போய்விடும் என்பார்கள். சுழலும் தட்டைச் சக்கரம் நுனிகளைத்தான் தொடும், குழிக்குள் இறங்காது என்பதால் அது உண்மையே. குற்றம் சக்கரத்தின் வடிவத்தில் இருக்கிறது. குழிக்குள் உருண்டையான பொருளை விட்டால் பிரச்சினை தீர்ந்தது. பெரும்பாலான ரொட்டிக் கத்திகளில் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகச் சீவியிருக்கும், மறுபக்கம் தட்டை. சரிவில் ஸ்கெட்ச் பேனாவால் மை பூசிக்கொள்ளலாம். குழியைவிடச் சற்றே மெலிந்த குச்சியில், பெயிண்டர்கள் வாட்டர் பேப்பர் என்று சொல்லும் உப்புத்தாளைச் சுற்ற வேண்டும். 600ஆம் எண்ணில் தொடங்கி 1000இல் முடித்தால் போதும். சரிவின் சாய்வு மாறாமல், கூர்விளிம்பை விட்டு விலகும் திசையில், ஒவ்வொரு குழியிலும் நாலைந்து முறை தேய்க்க வேண்டும். மை ஒரே சீராக அழிந்தால் சாய்வு சரி. மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு விரலில் தட்டுப்படும். விரலை விளிம்பின் நீளவாக்கில் ஓட்டாமல், குறுக்கே வெளிப்புறமாக மட்டும் இழுத்துப் பார்க்கவும். தட்டைப் பக்கத்தை நைசான கல்லில் படுக்கவைத்து ஒன்றிரண்டு முறை இழுத்தால் பிசிறு போய்விடும். தட்டைப் பக்கத்தைச் சாய்த்துத் தேய்த்தால் செய்த வேலையெல்லாம் வீண்.

இத்தனை பாட்டுக்குப் புதுக் கத்தியே வாங்கிவிடலாமே என்பது நியாயமான கேள்வி. மலிவு விலைக் கத்திக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் மலையூரில் வீசியெறியும் கத்தி எங்கும் மறைந்துவிடுவதில்லை. குப்பையைப் பிரிக்கும் தொழிலாளியின் கையையோ, குப்பையில் வாய்வைக்கும் மாட்டையோ அது அறுக்கும். நல்ல எஃகில் செய்த கத்திக்கு ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அரைமணி நேரம் செலவிடுவது அப்படியொன்றும் பெரிய பாடல்ல. தேய்க்கத் தேய்க்கப் பல்லின் உயரம் குறையும் என்பதையும் மறுக்க முடியாது. கை இலேசாக இருந்தால் அதற்கு வெகுகாலம் பிடிக்கும். கருக்கரிவாளின் பற்களும் தேய்ந்து தேய்ந்துதான் புதிதாகின்றன.

ஒரு வகைக்கு மட்டும் இந்த முறை உதவாது. பிளாஸ்டிக் பிடிபோட்ட சின்னக் கத்திகளில் பற்கள் ஊசிமுனை அளவுக்கு நெருங்கியிருக்கும். எந்தக் குச்சியும் நுழையாது. அவற்றின் தட்டைப் பக்கத்தைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தால் கொஞ்ச நாளைக்கு ஓடும். பிறகு தடித்த அட்டையில் சுற்றி, பழைய இரும்புக்காரரிடம் போடலாம்.