நூறு வயசு தாண்டின அணைக்கு எப்படி பலம் ஏத்துறாங்க?

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் என் ஹாஸ்டல் ரூம்மேட். எனக்கு அம்மா ஊர் கம்பம். அவனுக்கு வண்டிப்பெரியாறு. முல்லைப் பெரியாறு அணைக்கு நான் ஒரு பக்கம், அவன் இன்னொரு பக்கம். மழைக்காலம் வந்தா எங்க மாமா போன் பண்ணி, "மாப்ள, தண்ணி ஏறுதுடா"ன்னு சந்தோஷமா சொல்வார். அதே ராத்திரி அவன் வீட்டுக்குப் போன் பண்ணி, "அம்மா, தூங்கினீங்களா?"ன்னு கேட்பான். தண்ணி ஏறுற செய்தி ஒண்ணுதான். அங்கே சந்தோஷம், இங்கே பயம்.

அரசியலைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு, இன்ஜினியரிங் மட்டும் பார்ப்போம்.

1895-ல் திறந்த இந்த அணையைக் கட்டினவர் பென்னிகுயிக். வெளிமுகம் ரெண்டு பக்கமும் கல் கட்டுமானம். நடுவில் சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது செங்கல் தூளும், கலந்த கான்கிரீட். இது 'கிராவிட்டி டேம்'. வளைவு கிடையாது, தாங்குற தூண் கிடையாது. தன்னோட எடையாலேயே தண்ணியை எதிர்த்து நிக்கணும். வீட்டுல பீரோவைத் தள்ளிப் பாருங்க. காலி பீரோ நகரும், துணி அடுக்கின பீரோ அசையாது. அதே கதைதான்.

தண்ணி அணையை எப்படித் தள்ளுது? ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். அதனால மொத்தத் தள்ளு விசை ஆழத்தோட வர்க்கத்துல ஏறும். ஆத்துப் படுகையிலிருந்து 152 அடி நிக்கிற தண்ணியை 136 அடிக்கு இறக்கினா உயரம் சுமார் 10 சதவீதம்தான் குறையுது. ஆனா தள்ளு விசை சுமார் 20 சதவீதம் குறையும். அணையைக் கவிழ்க்கப் பார்க்கிற திருப்பு விசையோ சுமார் 28 சதவீதம் குறையும். சில அடி தண்ணிக்கு ரெண்டு மாநிலம் ஏன் இவ்வளவு சண்டை போடுதுன்னு இப்போ புரியுதா?

இதுல கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒண்ணு இருக்கு. கிணத்துல வாளி தண்ணிக்குள்ள இருக்கும்போது லேசா இருக்கும், வெளியே வந்ததும் கனக்கும். அதே மாதிரி அணைக்கு அடியிலும் இடுக்குகளிலும் கசிஞ்சு போற தண்ணி, அணையை மேல் நோக்கித் தூக்கும். எடைதான் பலம்னு நிக்கிற அணைக்கு எடையே குறைஞ்ச மாதிரி ஆயிடும். பிரான்ஸ்ல பூஸே அணை உடைஞ்ச பிறகுதான் உலகம் இதை சீரியஸா எடுத்துக்கிச்சு. அது உடைஞ்சதும் 1895-லதான், நம்ம அணை திறந்த அதே வருஷம். ஆக, இந்தப் பாடம் பரவும் முன்னாடியே நம்ம அணை எழும்பி நின்னுடுச்சு.

1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு-2 அணை உடைஞ்சு மோர்பி நகரம் மூழ்குச்சு. வெள்ளம், மதகுகளோட கொள்ளளவைத் தாண்டி வந்து மண் அணை மேலே வழிஞ்சதுதான் காரணம். அதுக்கப்புறம் கேரளாவில் பயம் பெருசாச்சு. அந்த வருஷ நவம்பரில் மத்திய நீர் ஆணையம் அணையைப் பார்த்து, பலப்படுத்துற வேலைகளைச் சொல்லுச்சு. நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினாங்க.

என்ன வேலைகள்? ஒண்ணொண்ணா பார்ப்போம்.

முதல்ல, மேல் முனையில் கனமான கான்கிரீட் தொப்பி. பீரோவுக்குள்ள இன்னும் கொஞ்சம் துணி அடுக்கின மாதிரி.

ரெண்டாவது, கேபிள் ஆங்கர். அணையோட உச்சியிலிருந்து அடிப்பாறை வரைக்கும் துளை போட்டு, எஃகுக் கம்பிக் கற்றையை இறக்கி, கீழே பாறையில் பிடிக்க வச்சு, மேலே இழுத்துக் கட்டுறது. அணையைப் பாறையோட சேர்த்துத் தைக்கிற வேலைன்னு வச்சுக்கோங்க.

மூணாவதுதான் பெரிய வேலை. அணையோட பின்பக்கம், தண்ணி இல்லாத பக்கம், அடியிலிருந்து புதுசா கான்கிரீட் முட்டு. பழசும் புதுசும் தனித்தனியா நின்னா பிரயோஜனம் இல்லை. அதனால பழைய முகத்துல பற்கள் மாதிரி பள்ளம் வெட்டி, புது கான்கிரீட்டை அதுல கோத்தாங்க. இதுக்குள்ளயே வடிகால் சுரங்கப் பாதையும் வச்சாங்க. கசிவுத் தண்ணி அங்கே வந்து வடியும், தூக்கு விசை குறையும், கசிவை அளக்கவும் முடியும்.

நாலாவது, வெள்ளம் வழிய 10 மதகுகள் இருந்ததை 13 ஆக்கினாங்க. மோர்பி சொன்ன பாடம் இதுதான்.

அஞ்சாவது, ஒரு தடவையோட முடியாத வேலை: கிரவுட்டிங். கசியுற தண்ணி சுண்ணாம்பைக் கரைச்சுக் கொண்டு போகும், உள்ளே பொந்து விழும். அதுல சிமெண்ட் குழம்பை அழுத்தத்தோட செலுத்தி அடைப்பாங்க.

இதையெல்லாம் ஆராய்ஞ்ச பிறகு உச்ச நீதிமன்றம் 2006-ல் 142 அடிக்கு அனுமதி கொடுத்தது. 2014-ல் மறுபடி அதை உறுதி செஞ்சு, கண்காணிப்புக் குழுவும் போட்டது.

சரி, கதை முடிஞ்சுதா? இல்லை. பலப்படுத்தின அணையும் வயசாகிற அணைதான். தினமும் கசிவு எவ்வளவு, அது கலங்கலா தெளிவா, பெருமழையில் மதகு தாங்குமா, நிலநடுக்கம் வந்தா என்ன ஆகும்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். கசிவு இருக்கிறது தப்பில்லை, எல்லா அணையும் கசியும். மழை, நீர்மட்டம் எதுவும் மாறாம திடீர்னு கூடினாலோ குறைஞ்சாலோதான் கவலைப்படணும்.

என் ரூம்மேட்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "கணக்கு சரிதான்டா. அந்தக் கணக்கை எங்க அம்மாவுக்கும் புரியுற மாதிரி யாராவது தினமும் சொல்லணும்ல?"ன்னான். என்கிட்ட பதில் இல்லை. தேனி, மதுரை, ராமநாதபுரம் வரைக்கும் வயல் இந்தத் தண்ணியை நம்பியிருக்கு. அது உண்மை. கீழே ஆத்தங்கரையில் தூங்காத ஒரு அம்மாவும் உண்மை. கசிவு அளவை ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பார்க்கிற மாதிரி பொதுவில் வைக்கணும். கான்கிரீட் முட்டு மாதிரி அதுவும் பலப்படுத்துற வேலைதான்னு எனக்குத் தோணுது.

உங்க ஊர்ப்பக்கம் இருக்கிற அணைக்கு எத்தனை வயசு? விசாரிச்சுட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.