இரண்டு ஆண்டில் வரும் கன்டோனீஸ், இருபது ஆண்டிலும் வராத பிரெஞ்சு

பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்தைக் கடந்து லாச்சப்பல் நோக்கிச் செல்லும் ரூ து ஃபொபூர் சேன்-தெனி, ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் பலரும் அறிந்த கடைத்தெரு. 1980களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் இங்கே கடைகள் திறக்கத் தொடங்கினர். மரக்கறி, நகை, புடவை, பயணச்சீட்டு, மொழிபெயர்ப்பு என எல்லாத் தேவைகளையும் இங்கு தமிழிலேயே முடித்துக்கொள்ளலாம். பிரெஞ்சு பேசாமலே நாட்களைக் கழித்துவிடவும் முடியும்.

அவ்வாறு கழிப்பது இப்போது மேலும் சிரமமாகியுள்ளது. 2024 ஜனவரி 26ஆம் தேதியிட்ட பிரெஞ்சுக் குடிவரவுச் சட்டத்தின் மொழி நிபந்தனைகள் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. பல ஆண்டுகளுக்கான வதிவிட அட்டையை முதன்முறை கோருவோர் ஏ2 என்ற நிலையிலும், பத்தாண்டு அட்டை கோருவோர் பி1 நிலையிலும், குடியுரிமை கோருவோர் பி2 நிலையிலும் பிரெஞ்சு அறிந்திருக்க வேண்டும். இவற்றுக்கு விதிவிலக்குகளும் உண்டு.

ஏ2 என்பது அன்றாடக் காரியங்களைப் பேசிச் சமாளிக்கும் நிலை. பி2 என்பது ஒரு விடயத்தை எடுத்து வாதிடக்கூடிய நிலை. இருபது ஆண்டுகள் உணவகச் சமையலறையில் உழைத்தும் இரண்டாவது நிலையை எட்டாதவர்கள் தமிழரிடையே உண்டு. அதேவேளை, சீன மொழியில் ஒரு சொல்லும் அறியாத பதினெட்டு வயது அமெரிக்க இளைஞர் ஒருவர், இரண்டே ஆண்டுகளில் ஹாங்காங் சந்தைகளில் கன்டோனீஸ் மொழியில் உரையாடும் நிலைக்கு வருகிறார். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

புரோவோவில் சில வாரங்கள்

இத்தகைய இளைஞர்களை அனுப்புவது, மோர்மன்கள் என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 2025ஆம் ஆண்டில் இச்சபைக்கு உலகெங்கும் 80,000க்கும் அதிகமான மிஷனரிகள் இருந்தனர். ஆண்கள் பொதுவாக 24 மாதங்களும் பெண்கள் 18 மாதங்களும் பணியாற்றுகின்றனர்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள புரோவோ நகரில் 1961இல் ஆரம்பித்த மொழிப் பயிற்சி, இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் நடைபெறுகிறது. வேற்று மொழி கற்க வேண்டியவர்களுக்கு ஆறு முதல் ஒன்பது வாரங்கள் வரை பயிற்சி. 2020 முதல் அதன் ஒரு பகுதி இணையவழியாக வீட்டிலிருந்தே அளிக்கப்படுகிறது.

ஒன்பது வாரம் என்பது எவ்வளவு குறுகிய காலம் என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறையின் கணக்கோடு ஒப்பிட்டால் புரியும். தனது அதிகாரிகள் பிரெஞ்சு மொழியில் தேர்ச்சி பெற சுமார் 30 வாரங்களும், தமிழில் தேர்ச்சி பெற சுமார் 44 வாரங்களும், கன்டோனீஸ் மொழியில் தேர்ச்சி பெற சுமார் 88 வாரங்களும் முழுநேர வகுப்பு தேவை என்று அத்துறை கணக்கிடுகிறது.

ஆகவே புரோவோவில் அந்த மொழியை யாரும் கற்று முடிப்பதில்லை. தன்னை அறிமுகம் செய்வது, பிரார்த்தனை செய்வது, தன் நம்பிக்கையைச் சில எளிய வாக்கியங்களில் சொல்வது ஆகியவற்றையே பயிற்சி இலக்காகக் கொள்கிறது. ஆரம்ப நாட்களிலேயே மாணவர்கள் அந்த மொழியில் பேச வைக்கப்படுகின்றனர். கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் அதே நாட்டில் ஊழியம் முடித்துத் திரும்பிய இளைஞர்கள்தாம். அவர்கள் வீட்டுக்காரர் போல நடித்துக் கேள்வி கேட்பார்கள். மாணவர் பதில் சொல்ல வேண்டும்.

ஹாங்காங்கில் இறங்கியபின் ஒவ்வொருவரும் எந்நேரமும் ஒரு துணையுடனேயே இருக்க வேண்டும் என்பது விதி. புதிதாக வருபவருக்கு அனுபவம் உள்ளவர் துணையாக அமைவார். காலையில் மொழிப் பாடம். பின்னர் தெருவிலும் வீடுகளிலும் அந்நியரிடம் பேச்சு. கேலியும் மறுப்பும் கிடைத்தாலும், மறுநாளும் அதே பணிதான்.

ஆறு தொனிகள், இரண்டு நடைகள்

கன்டோனீஸ் சுமார் 8 கோடி மக்கள் பேசும் மொழி. அதில் ஓர் அசையின் பொருளைத் தொனியே தீர்மானிக்கிறது. 'சி' என்ற அசையை ஆறு தொனிகளில் ஒலித்தால், முறையே கவிதை, வரலாறு, சோதனை, காலம், சந்தை, காரியம் என்று ஆறு பொருள்கள் கிடைக்கும். தமிழில் வலி, வளி, வழி என்ற மூன்றையும் ஒன்றுபோல ஒலிக்கும் வெளிநாட்டவர் படும் பாட்டை இதோடு ஒப்பிடலாம்.

இன்னொரு சிக்கல் தமிழர்களுக்கு மிகவும் பழகியது. கன்டோனீஸ் பேசுவோர் நாளிதழிலும் பாடநூலிலும் பெரும்பாலும் பொதுச் சீன எழுத்து நடையையே வாசிக்கின்றனர். பேசுவது ஒன்று, எழுதுவது மற்றொன்று. தமிழ்நாட்டுக்கு வந்த இத்தாலியரான வீரமாமுனிவர், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொடுந்தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக இரு இலக்கணங்களை லத்தீனில் எழுத நேர்ந்ததற்கும் இதுவே காரணம்.

1853: இரு துறைமுகங்கள்

மொழிப் பயிற்சி இல்லாத காலத்தில் இதே சபையின் முயற்சி எப்படி முடிந்தது என்பதற்கு 1853ஆம் ஆண்டு இரு சான்றுகளைத் தருகிறது. அந்த ஏப்ரலில் ஹொசேயா ஸ்டவுட் உட்பட மூன்று மோர்மன் மிஷனரிகள் ஹாங்காங் வந்திறங்கினர். சீனம் அறியாத அவர்களால் பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்தவர்களிடமே பேச முடிந்தது. இரண்டு மாதங்களுக்குள் அவர்கள் திரும்பிவிட்டனர்.

அதே ஆண்டு ஜூலையில் ரிச்சர்ட் பாலன்டைன் சென்னை வந்தார். அவர் ஆங்கிலத்தில் மாத இதழ் ஒன்றையும் வெளியிட்டார். ஆனால் தமிழ் பேசும் பெரும்பான்மை மக்களை அது எட்டவில்லை. ஓராண்டு கழித்து அவரும் புறப்பட்டார். ஹாங்காங்கில் இச்சபையின் பணி 1955இல்தான் நிலைபெற்றது.

இதே தெருவில் ஒரு பயிற்சி இல்லம்

வெளிநாட்டுக்கு மிஷனரிகளைத் தயார்செய்யும் வேலை லாச்சப்பல் தமிழர்களின் தெருவுக்கும் புதிதல்ல. ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் 107ஆம் இலக்கப் பகுதியில் முற்காலத்தில் சேன்-லசார் என்ற தொழுநோயாளர் இல்லம் இருந்தது. 1632இல் அது புனித வின்சென்ட் தே பவுல் நிறுவிய மிஷன் சபையின் கைக்கு வந்தது. அச்சபையினருக்கு லாசரிஸ்டுகள் என்ற பெயர் இந்த இல்லத்தால் ஏற்பட்டதே.

1648இல் அச்சபையின் முதல் மிஷனரிகள் மடகாஸ்கர் சென்றனர். பின்னர், சீனாவில் இயேசு சபையினர் விட்டுச்சென்ற பணியை ஏற்க அனுப்பப்பட்ட லாசரிஸ்டுகள் 1784இல் கன்டோன் துறைமுகத்தில் இறங்கினர். அவர்களின் தலைவரான நிக்கொலா ரோ அடுத்த ஆண்டு பெய்ஜிங் சென்று சீனத்தையும் மஞ்சு மொழியையும் கற்றார். 1793இல் பிரிட்டிஷ் தூதராகப் பெய்ஜிங் வந்த மெக்கார்ட்னி பிரபு அவரைச் சந்தித்துள்ளார். இதே மெக்கார்ட்னி 1780களில் சென்னையின் ஆளுநராக இருந்தவர்.

1789 ஜூலை 13ஆம் தேதி, பஸ்தி சிறை தாக்கப்பட்டதற்கு முந்தைய நாள், சேன்-லசார் இல்லம் சூறையாடப்பட்டது. பின்னர் அது சிறைச்சாலையானது. 1917இல் மாதா ஹரி அங்கு அடைக்கப்பட்டிருந்தார். இன்று அவ்விடத்தில் ஒரு பூங்காவும், 2015இல் திறக்கப்பட்ட பிரான்சுவாஸ் சகான் நூலகமும் உள்ளன.

தங்கியவர்கள் எழுதிய அகராதிகள்

ரூ து பக்கில் அமைந்த மற்றொரு பாரிஸ் நிறுவனமான வெளிநாட்டு மிஷன் சங்கம், ஆட்களை அனுப்பியது இரண்டு ஆண்டுகளுக்கு அல்ல, ஆயுள் முழுவதற்கும். 1776 முதல் புதுச்சேரிப் பகுதியின் பொறுப்பை ஏற்ற இச்சங்கத்தைச் சேர்ந்த முசே, துய்புய் என்ற இரு பாதிரியார்கள் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி, 1855இலும் 1862இலும் இரு பாகங்களாகப் புதுச்சேரியில் அச்சானது. அதே சங்கத்தின் லூயி ஒபசாக் தொகுத்த கன்டோனீஸ்-பிரெஞ்சு அகராதி 1912இல் ஹாங்காங்கில் வெளிவந்தது.

மொழி கற்றதன் நோக்கம் மதமாற்றம் என்பதை இவர்கள் மறைக்கவில்லை. அதனால் எழுந்த எதிர்ப்பும் வரலாற்றின் பகுதியே. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பேர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், பின்னர் மிஷனரிகளின் பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், மேடைப் பிரசங்கம் ஆகிய அதே வழிகளைச் சைவத்துக்காகக் கைக்கொண்டார். மொழி கற்பித்தவர், கற்க வந்தவரின் முறையைக் கற்றுக்கொண்டார்.

முறையே முக்கியம்

இந்த வரலாறு முழுவதிலும் மொழி வசப்பட்டதற்கான காரணங்களைத் தேடினால் தனித்திறமை முன்னே வருவதில்லை. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் அமர்ந்து எழுத்துக் கற்றார். மோர்மன் இளைஞருக்குத் துணையும், அட்டவணையும், பேசியே ஆக வேண்டிய கட்டாயமும் உள்ளன. அவர் உழைத்துச் சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியதில்லை. தவறாகப் பேசினால் அவர் வேலை போய்விடாது.

பாரிஸ் சமையலறையில் பாத்திரம் கழுவும் தமிழருக்கு இவற்றில் எதுவும் இல்லை. உடன் வேலை செய்பவர் தமிழர் அல்லது பிரெஞ்சு சரளமாக வராத மற்றொரு குடியேறி. வேலை முடிவது நள்ளிரவு. வாடகை, வேலை, அங்காடி எல்லாம் தமிழ் வட்டத்துக்குள் அமைவதால் பிரெஞ்சில் பேசிப் பார்க்கும் வாய்ப்பே குறைவு. இருபது ஆண்டுகள் ஒரு நாட்டில் இருப்பதும், இருபது ஆண்டுகள் அந்நாட்டு மொழியில் பேசுவதும் ஒன்றல்ல.

ஆனால் பயிற்சி முறையின் சில கூறுகளுக்குச் செலவு அதிகமில்லை. மருந்தகத்திலும் வேலை அலுவலகத்திலும் பயன்படும் ஐம்பது வாக்கியங்களை முதலில் மனனம் செய்வது, பிரெஞ்சு நன்கறிந்த ஒருவரோடு நாள்தோறும் குறித்த நேரத்தில் பேசுவது, தேர்வு அதிகாரியாக ஒருவரை நடிக்கவைத்துப் பழகுவது ஆகியவை அவற்றுள் சில.

அத்தகைய துணை பல தமிழ் வீடுகளிலேயே இருக்கிறது. பிரான்சில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பிரெஞ்சில் சரளமாகப் பேசுகின்றனர், தமிழில் தடுமாறுகின்றனர். பெற்றோரின் நிலை இதற்கு நேர்மாறானது. நாள்தோறும் அரை மணி நேரம் பிள்ளை பிரெஞ்சும் பெற்றோர் தமிழும் கற்பிக்கும் ஏற்பாடு, வதிவிட அட்டைக்கு உதவுவதோடு, ஒரே வீட்டில் வாழும் இரு தலைமுறைகள் தடையின்றிப் பேசிக்கொள்ளவும் வழிசெய்யும்.