இரவில் டேப்பைச் சுற்றியது யார்?

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளும் புகுந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தரைத்தளத்தில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு அந்த வாரம் வயிற்றில் புளி கரைந்திருக்கும். தகவலுக்கு இன்னொரு நகல் வெளியூரில் இருக்கிறதா என்பதுதான் அப்போது கேள்வி. சில தகவல்களைத் திரும்ப உண்டாக்கவே முடியாது. கிருஷ்ணாபுரத்திலுள்ள புவிக்காந்த ஆய்வுக்கூடம் 1990களில் ரேடார் வைத்து அளந்த மேல்வளிமண்டலக் காற்றை இனி யாரும் அளக்க முடியாது.

அந்த வெளியூர் நகலுக்கு டேப், அதாவது காந்த நாடா, இன்றும் ஏற்றது. எழுதி முடித்து அலமாரியில் வைத்துவிட்டால் வைரஸோ மென்பொருள் பிழையோ அதைத் தொட முடியாது. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனாளர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்கள் காணாமல் போயின. பல தரவு மையங்களில் வைத்திருந்த நகல்களும் சேர்ந்தே பாதிக்கப்பட்டதால், கூகுள் கடைசியில் டேப்பிலிருந்துதான் அவற்றை மீட்டது.

டேப் மலிவு, அதில் எழுதும் டிரைவ் மலிவல்ல. பல லட்சம் ரூபாய் ஆகும். அதனால் ஒரு டிரைவைப் பல சர்வர்கள் பகிர்ந்துகொள்கின்றன. வம்பு தொடங்குவதும் அங்கேதான்.

எல்டிஓ-9 வகை டேப் ஒன்றின் கொள்ளளவு 18 டெராபைட். அரை அங்குல அகலம், 1,035 மீட்டர் நீளம், அதில் 8,960 தடங்கள். ஒரு நேரத்தில் 32 தடங்களை எழுதுவதால், டேப் நிறைவதற்குள் இக்கோடிக்கும் அக்கோடிக்கும் 280 முறை ஓடும். விநாடிக்கு 400 மெகாபைட் வேகத்திலும் பன்னிரண்டரை மணி நேரம், அதாவது ஓர் இரவு, ஆகும். அந்த இரவு முழுக்க, டேப் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் அடுத்த தகவல் தொகுதி பதிவாகும். இடையில் டேப்பை நகர்த்தியது யார் என்று டிரைவ் கேட்பதில்லை.

முதல் சர்வர் எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சர்வரில் ஒருவர் 'டிரைவ் நலமா' என்று பார்க்க ஒரு கட்டளை கொடுக்கிறார் என்று வையுங்கள். லினக்ஸில் 'எஸ்டி0' என்ற பெயரில் டிரைவைத் திறந்து மூடினால் டேப் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். 'என்எஸ்டி0' என்று திறந்திருந்தால் சுற்றாது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். முதல் சர்வருக்கு இது தெரியாது; அடுத்த தொகுதியை அனுப்புகிறது. அது டேப்பின் தொடக்கத்தில் போய் விழுகிறது. புதிதாக எழுதிய இடத்தோடு பதிவு முடிந்ததாக டிரைவ் கொள்வதால், அதற்கு அப்பால் இருந்த பழைய தகவலைச் சாதாரணமாகப் படிக்க முடியாது. சில பேக்கப் மென்பொருள்கள் டேப் நிற்கும் இடத்தைச் சரிபார்த்து எச்சரிக்கும். ஆனால் அதற்குள் பால் கொட்டியாகிவிட்டது.

'எங்கள் பேக்கப் மென்பொருளே முறை போட்டுக் கொடுக்கிறதே' என்பார்கள். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இன்னாருக்கு இன்ன நாள் தண்ணீர் என்று நோட்டில் எழுதிவிட்டு, மடையைப் பூட்டாமல் விட்டதற்குச் சமம் அது. அந்த நோட்டையே பார்க்காத சர்வரை அது என்ன செய்யும்? பூட்டு டிரைவிலேயே இருக்க வேண்டும்.

அதற்கான பழைய கட்டளை 'ரிசர்வ்'. ஒரு சர்வர் ரிசர்வ் செய்தபின் வேறொன்று எழுதவோ சுற்றவோ முயன்றால், 'ரிசர்வேஷன் கான்ஃப்ளிக்ட்' என்று டிரைவ் திருப்பி அனுப்பிவிடும். வேலை முடிந்ததும் 'ரிலீஸ்'. இதில் இரண்டு ஓட்டைகள். யாராவது டிரைவை ரீசெட் செய்தால் பூட்டு சத்தமில்லாமல் கழன்றுவிடும். பூட்டிய சர்வரே செத்துப்போனால், அதே ரீசெட்டைத் தவிர வேறு வழியும் இல்லை.

பின்னர் வந்த 'பெர்சிஸ்டென்ட் ரிசர்வ்' இரண்டையும் அடைத்தது. ஒவ்வொரு சர்வரும் 8 பைட் அளவுள்ள ஒரு சாவியை டிரைவில் பதிவு செய்கிறது. ரீசெட் ஆனாலும் பூட்டு நிற்கும். உரியவர் இறந்துவிட்டால், சாவி பதிந்த இன்னொரு சர்வர் முறைப்படி பூட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லாச் சர்வர்களும் ஒரே முறைக்கு வர வேண்டும். பாதி பழைய ரிசர்வ், பாதி புதியது என்று கலந்தால் காரணம் புலப்படாமல் வேலைகள் நிற்கும். இத்தோடு, பேக்கப்புக்குச் சம்பந்தமில்லாத சர்வர்களின் கண்ணிலேயே டிரைவ் படாதபடி சுவிட்சில் பிரித்துவிடுவதும் அவசியம். பூட்டைவிட முதலில் செய்ய வேண்டியதே அதுதான் என்பேன்.

பூட்டை உடைக்க நேர்ந்தால், முதலில் 'எஸ்ஜி_பெர்சிஸ்ட்' கட்டளையால் சாவி யாருடையது என்று படித்துப் பாருங்கள். பிறகு அந்தச் சர்வர் உண்மையிலேயே விழுந்துவிட்டதா, நெட்வொர்க் மட்டும் தடைபட்டிருக்கிறதா என்று நேரில் பாருங்கள். உடைத்தபின், பாதியில் நின்ற டேப்பில் தொடர்ந்து எழுத வேண்டாம். அதைத் தனியே எடுத்து வைத்து, எதுவரை படிக்க முடிகிறது என்று சோதித்த பிறகு, அன்றைய பேக்கப்பை வேறு டேப்பில் முதலிலிருந்து ஓட்டுங்கள்.