படலைக் குறிகளும் மலைச்சரிவும்

மின்னணுச் சுற்றின் வரைபடத்தை முதன்முறை காண்போர்க்கு அதிலுள்ள உருவங்கள் புதிராகவே தோன்றும். ஆயினும், தருக்கப் படலைகளைக் குறிக்கும் மூன்று உருவங்களை அறிந்துகொண்டால் பெரும்பகுதி விளங்கிவிடும். வீட்டுப் படலை ஆளை உள்ளே விடுவதும் தடுப்பதும் போல, இவை மின்செய்தியை விடுகின்றன அல்லது தடுக்கின்றன. பொதுவாகப் படத்தின் இடப்புறம் செய்தி நுழையும். வலப்புறம் முடிவு வெளிப்படும். உண்டு என்பது 1. இல்லை என்பது 0.

ஓர் உதாரணம் காண்போம். ஊவா மாகாணத்தில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 அக்டோபர் 29 ஆம் நாள் காலை மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. இத்தகைய சரிவைத் தூண்டுவது பெருமழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுப்படி, 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் அல்லது ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால், சரிவு அபாயமுள்ள இடத்து மக்கள் வெளியேற வேண்டும்.

இவ்வளவுகளைக் கொண்டு ஓர் அபாய மணியை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். மேற்கூறிய 'அல்லது' என்பதே முதற் படலை. ஆங்கிலத்தில் 'ஓர்' என்பர். அதன் உருவம் இடப்புறம் உள்வளைந்து, வலப்புறம் கூராக முடியும். நுழையும் செய்திகளுள் ஒன்றேனும் 1 ஆயின் முடிவு 1.

மணியைப் பழுதுபார்க்கும் வேளையில் அது ஒலிக்கலாகாது. அதற்கென ஓர் ஆளி வேண்டும். ஆளி போட்டிருந்தால் 0, இல்லையேல் 1 என மாற்றித் தருவது 'நொட்' படலை. முக்கோணமும் அதன் நுனியில் சிறுவட்டமும் அதன் குறி. செய்தியைப் புரட்டுவது அச்சிறுவட்டமே.

மழையும் மிகவேண்டும், பழுதுபார்ப்பும் இல்லாதிருக்கவேண்டும். நம் இலக்கணத்தின் எண்ணும்மை போன்ற இப்படலையை 'அண்ட்' என்பர். இடப்புறம் நேர்கோடு, வலப்புறம் அரைவட்டம். எல்லாம் 1 ஆனாலன்றி முடிவு 1 ஆகாது. ஆகவே ஆளியை எடுக்க மறந்தால், எத்துணை மழை பெய்யினும் மணி ஒலிக்காது. இந்த ஆபத்தைப் படத்தைப் படிக்கத் தெரிந்தவர் முன்கூட்டியே காண்பார்.

மீரியபெத்தைக்கு 2005 லும் 2011 லும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் குடிபெயர மாற்றிடம் அமையவில்லை. எச்சரிக்கையும் வேண்டும், செல்ல இடமும் வேண்டும். இதுவும் ஓர் 'அண்ட்' படலையே. ஒன்று குறைந்தாலும் முடிவு 0 தான்.